ஹங்கேரி: கோயில் கூரையும் குயாஷ் கிண்ணமும் (பதினோரு நாள் பயணம்)

#1 வழிப்போக்கன்

வணக்கம் மக்களே. நவம்பர் 1 முதல் 11 வரை ஹங்கேரியில் இருந்தேன். புடாபெஸ்டில் பாதி, மிச்சம் எஸ்டெர்கோம், பேச், டெப்ரெட்சன், கடைசியாக உக்ரைன் எல்லைப் பக்கம் இரண்டு குட்டிக் கிராமங்கள். பழைய தேவாலயங்களைப் பார்க்க வேண்டும், உள்ளூர்க்காரர் சாப்பிடும் இடத்தில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வெந்நீர்க் குளங்களைப் பற்றிக் கேட்காதீர்கள், போகவில்லை.

முதலில் ஒரு கூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் காலை புடாபெஸ்டின் பெரிய சந்தைக்குப் போனேன். 1897இல் திறந்த கட்டடம். உள்ளே இரும்புத் தூண்கள், வெளியே வண்ண ஓடுகளைக் கோலம் போட்டதுபோல் அடுக்கிய கூரை. கடைகளில் பாப்ரிகா (ஹங்கேரி மிளகாய்) மாலைகள், வாத்து ஈரல், புகையில் வாட்டிய பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ் ஊறுகாய். கால் கிலோ பாப்ரிகாப் பொடி வாங்கிக்கொண்டு 2ஆம் எண் டிராமில் ஆற்றோரமாகவே நாடாளுமன்றம் வரை வந்தேன். எதிர்க்கரையில் ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அதே மாதிரி ஓடு, அதே மாதிரிக் கோலம். காலையில் பார்த்த சந்தை டான்யூபைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டதோ என்று இருந்தது.

விசாரித்தால் இரண்டையும் கட்டியவர் ஒருவர்தான், பெட்ஸ் ஷமு. ஸிலாட்யி தெஸோ சதுக்கத்துச் சீர்திருத்தச் சபைக் (கால்வின் வழிப் புராட்டஸ்டன்ட்) கோயிலை 1896இல் முடித்தார், அடுத்த ஆண்டே சந்தை. இரண்டுக்கும் ஓடு போனது பேச் நகரத்து ஷோல்னாய் ஆலையிலிருந்து. அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவருக்குச் சிலையும் உண்டு, இடைக்காலக் கொத்தனார் உடையில். மிளகாய் விற்கும் இடத்துக்கும் ஜெபம் பண்ணும் இடத்துக்கும் ஒரே தலைப்பாகை கட்டிவிட்ட மனிதர்!

சாப்பாட்டுக் கதை அவ்வளவு நல்லபடியாகத் தொடங்கவில்லை. முதல் நாள், வாசலில் ஆள் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் ஒரு கடையில் மாட்டிக்கொண்டேன். குயாஷ் என்று வெதுவெதுப்பான சிவப்புத் தண்ணீர் வந்தது. நான் கேட்காத ரொட்டிக்கும் பில்லில் காசு. மறுநாளே புத்தி வந்து ‘ஏட்கெஸ்தெ’ தேடிப் போனேன். நம் மெஸ் மாதிரி, பகலில் மட்டும் நடக்கும். கட்டம் போட்ட மேசைவிரிப்பு, கையால் எழுதிய பட்டியல், ‘நபி மெனு’ என்று அன்றைக்கு ஒரு சூப், ஒரு முக்கியச் சாப்பாடு. அதற்கப்புறம் வேறு பக்கம் தலை வைக்கவில்லை.

மெஸ்ஸில் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் கோயில் மணி அடித்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1456இல் ஹங்கேரியத் தளபதி ஹுன்யாதி யானோஷ் பெல்கிரேடில் துருக்கியரைத் தடுத்து நிறுத்திய போரோடு அந்த நண்பகல் மணியைச் சேர்த்துச் சொல்கிறார்கள். போருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி போப் மணி அடிக்கச் சொன்னார், வெற்றிச் செய்தி வந்தபின் அதுவே வெற்றி மணியாகிவிட்டது. இன்றும் தினமும் ஒலிபரப்பாகிறது.

மற்றவை அடுத்தடுத்து எழுதுகிறேன்.

#2 செகெட்வாசி

அண்ணா, நான் இங்கே செகெட் நகரில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறேன். ‘குலாஷ்’ என்று எழுதாமல் ‘குயாஷ்’ என்று சரியாக எழுதியதற்கே ஒரு கும்பிடு.

ஆனால் ஒரு விஷயம். அது தண்ணியாக இருந்தது தப்பே இல்லை, வெதுவெதுப்பாக இருந்ததுதான் தப்பு. குயாஷ் இங்கே சூப்தான். ‘குயா’ என்றால் மாட்டு மந்தை, குயாஷ் மாடு மேய்ப்பவர். புல்வெளியில் இரும்புக் கொப்பரையைத் தொங்கவிட்டு அவர்கள் சமைத்தது. மாட்டிறைச்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், சீமைச் சீரகம் (கேரவே), பாப்ரிகா. வெளிநாட்டில் குலாஷ் என்று தரும் கெட்டிக் குழம்புக்கு இங்கே பெயர் பொர்கொல்ட். அதிலேயே புளித்த பாலேடு சேர்த்தால் பாப்ரிகாஷ், பெரும்பாலும் கோழியில் செய்வார்கள். கூடவே நோகெட்லி என்று மாவைப் பிய்த்துப் போட்டு வேகவைத்த சின்ன உருண்டைகள். விடுதியில் யாராவது பொர்கொல்ட்டை குலாஷ் என்று சொல்லிவிட்டால் என் அறைத்தோழன் இரண்டு நாள் பேசமாட்டான்.

#3 கல்லும்கலசமும்

பயணம் பிரமாதம், ஆனால் ‘பழைய தேவாலயங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை நண்பரே. புடா குன்றின் மேல் எல்லோரும் போய்ப் படமெடுக்கும் மத்யாஷ் கோயில் 13ஆம் நூற்றாண்டுக் கோயில் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி 1874 முதல் 1896 வரை ஷூலெக் ஃப்ரிட்யெஷ் கட்டியது. நடுவில் சேர்ந்த பாரோக் பாணி ஆடம்பர வேலைப்பாடுகளை உரித்தெறிந்துவிட்டு, இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அப்படிக் கட்டினார். கூரை ஓடு அதே ஷோல்னாய். பக்கத்தில் மீனவர் அரண் என்று வெள்ளைக் கோபுரங்கள் இருக்கின்றனவே, அதுவும் அவர் வேலைதான், 1902இல் முடிந்தது. அங்கிருந்து யாரும் யார் மீதும் அம்பு விட்டதில்லை.

புடாபெஸ்டின் புனித இஷ்ட்வான் பசிலிக்காவும் அப்படித்தான். 1851இல் தொடங்கி 1905இல் முடித்தார்கள். நடுவில் 1868இல் குவிமாடமே இடிந்து விழுந்தது.

#4 வழிப்போக்கன்

நீங்கள் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. முடிவுதான் சரியில்லை என்பேன்.

மத்யாஷ் கோயிலுக்குள் போனதும் எனக்கும் முதலில் ஒரு திகட்டல்தான். தூண், வளைவு, சுவர், ஓர் அங்குலம் விடாமல் வண்ணம். ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். 1541 முதல் 1686 வரை துருக்கியர் கையில் மசூதியாக இருந்தது. 1867இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபுக்கு ஹங்கேரியின் முடி சூட்டியது அங்கேதான். அந்தப் பூசைக்கு இசை எழுதியவர் லிஸ்ட் ஃபெரென்ஸ், நாமெல்லாம் ஃபிரான்ஸ் லிஸ்ட் என்று படித்தவர். (ஹங்கேரியர் குடும்பப் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். இன்ஷியலை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இது புரிய ஒரு நொடி போதும்.) ஷூலெக் வேலையைத் தொடங்கியது அதற்கும் ஏழு வருடம் கழித்து. அதாவது முடிசூட்டு நடந்தபோது இன்றைய கோலம் அந்தக் கோயிலுக்கு இல்லை. எந்த ஆண்டின் கோயிலை ‘உண்மையானது’ என்று நிறுத்திக்கொள்வீர்கள்?

இதைவிட நல்ல உதாரணம் ஆற்றின் கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கம், எர்ஷேபெத் பாலத்தை உரசிக்கொண்டு நிற்கும் நகர்ப் பங்குக் கோயில். பீடத்துக்கு அருகே சுவரில் ஒரு மிஹ்ராப், மெக்காவின் திசை காட்டும் மாடம், அப்படியே இருக்கிறது. பூசி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நான் போனபோது ஒரு பாட்டி அதற்குப் பக்கத்து வரிசையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பேச் நகரத்தில் இது இன்னும் ஒரு படி மேலே. சதுக்கத்தின் நடுவில் பச்சைக் குவிமாடத்தோடு காசிம் பாஷா மசூதி. 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த தேவாலயத்தின் கல்லை எடுத்தே கட்டியது. துருக்கியர் போனபின் மசூதியே தேவாலயமானது. உச்சியில் பிறையும் சிலுவையும் சேர்ந்தே நிற்கின்றன. உள்ளே குர்ஆன் எழுத்துகளின் மிச்சம், கீழே பீடம். மெக்காவைப் பார்த்துக் கட்டியதால் சதுக்கத்தின் போக்குக்குக் கொஞ்சம் கோணலாக நிற்கிறது. எனக்கு அந்தக் கோணல்தான் பிடித்தது.

#5 சைவச்சாப்பாடு

பாப்ரிகா மாலை, புகையில் வாட்டிய பன்றி... படிக்கவே பயமாக இருக்கிறது. மே மாதம் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போகிறேன். முட்டை வரை பரவாயில்லை, அதற்கு மேல் கிடையாது. பத்து நாள் தயிரும் ரொட்டியுமா? யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

#6 செகெட்வாசி

அக்கா, பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே பழைய சமையலில் எண்ணெய் என்றால் பன்றிக் கொழுப்பு. வெங்காயம் வதக்குவதே அதில்தான். வெறும் பீன்ஸ் சூப் என்று எழுதியிருக்கும், உள்ளே புகையில் வாட்டிய பன்றிக் கால் கிடக்கும். பொகாச்சா என்று உப்பு பிஸ்கட் மாதிரி ஒன்று, பேக்கரியில் பார்த்தால் அப்பாவியாக இருக்கும். பாலாடைக்கட்டி போட்டதும் உண்டு, கொழுப்பு வறுத்த சக்கையைப் பிசைந்து செய்ததும் உண்டு. ‘தெபெர்தோஷ்’ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்.

நம்பிச் சாப்பிடலாம் என்றால் முதலில் லாங்கோஷ். நம் பட்டூராவின் பெரியப்பா மகன். ரொட்டி சுடும் நாளில் மிச்ச மாவைத் தட்டி அடுப்பு வாயில், தழலுக்குப் பக்கத்தில் வாட்டியதாம் பழைய காலத்தில். ‘லாங்’ என்றால் தழல். இப்போது எண்ணெயில் பொரித்து, பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த பாலேடும் சீஸும் போட்டுத் தருகிறார்கள். எந்த எண்ணெய் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபோஸெலேக். நம் கூட்டுக்கு நெருங்கிய சொந்தம். பூசணி, கீரை, பட்டாணி, உருளை, ஏதாவது ஒரு காயை வேகவைத்து மாவோ பாலேடோ சேர்த்துக் கெட்டிப்படுத்துவது. மேலே வறுத்த முட்டை வைக்கச் சொல்லலாம். பள்ளிக்கூடச் சாப்பாடு என்று இங்குள்ள பையன்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு உயிர். காளான் பாப்ரிகாஷும் கிடைக்கும். லெச்சோ என்று தக்காளி, மிளகாய், வெங்காயத் தொக்கு உண்டு, தொத்திறைச்சி இல்லாமல் கேட்க வேண்டும்.

உங்கள் மாமியாரை இரண்டு விஷயத்துக்குத் தயார்ப்படுத்துங்கள். ஒன்று, புளிச் செர்ரிப் பழத்தில் குளிர்ந்த இனிப்பு சூப், அது முதலில் வரும். இரண்டு, நூடுல்ஸில் கசகசாவும் சர்க்கரையும் தூவி ‘இதுதான் மதியச் சாப்பாடு’ என்பார்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே.

#7 காரைக்குடி ஆச்சி

தம்பி வழிப்போக்கன், அந்தப் பாப்ரிகாப் பொடியை என்ன செய்தாய்? எனக்கும் ஒருவர் டப்பா கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெயில் போட்டேன், ஒரு நிமிஷத்தில் கறுத்துக் கசந்துவிட்டது. நம் மிளகாய்த்தூளைவிட மோசம்.

#8 வழிப்போக்கன்

ஆச்சி, நானும் இதே கேள்வியை அந்த மெஸ்கார அம்மாவிடம் சைகையில் கேட்டேன். அவர் அடுப்பை அணைத்துக் காட்டினார். வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு வதக்கி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அப்புறம்தான் பொடி. இரண்டு கிளறு, உடனே கொஞ்சம் தண்ணீர், அதற்குப் பிறகு மறுபடி அடுப்பு. பாப்ரிகாவில் சர்க்கரைச் சத்து அதிகம், சூட்டில் சட்டென்று கருகிவிடும். அளவும் வேறு. நாம் கரண்டி நுனியில் எடுப்போம், அவர் குழிக் கரண்டியால் அள்ளிப் போட்டார். அங்கே அது காரத்துக்கு இல்லை, நிறத்துக்கும் கெட்டிக்கும்.

மிளகாய் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய செடி. நமக்குப் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது, அவர்களுக்குத் துருக்கியர் வழியாக வந்தது என்கிறார்கள். நாம் காரத்தைப் பிடித்துக்கொண்டோம். அவர்கள் விதையையும் நரம்பையும் நீக்கி அரைத்து, பின்னால் காரமே இல்லாத இனங்களை வளர்த்து, இனிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பொட்டலத்தில் ‘ஏதெஷ்’ என்று இருந்தால் இனிப்பு, ‘சீபோஷ்’ அல்லது ‘எரோஷ்’ என்றால் காரம். காரம் என்று வாங்கியதையும் சும்மா நாக்கில் வைத்துப் பார்த்தேன். நம் ஊர்க் குழந்தை சிரிக்கும்.

#9 மேய்ச்சல்காரன்

இஷ்ட்வான் பசிலிக்காவை இவ்வளவு சீக்கிரம் கடந்து போவது அநியாயம். குவிமாடம் விழுந்ததை மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி எழுப்பியதைச் சொல்லாமல் விட்டீர்களே. 96 மீட்டர் உயரம், நாடாளுமன்றமும் அதே 96. ஹங்கேரியரின் முன்னோரான மகியார்கள் 896இல் இங்கே வந்து குடியேறியதற்கான கணக்கு.

உள்ளே 1038இல் இறந்த முதல் அரசர் இஷ்ட்வானின் வலது கை, கண்ணாடிப் பேழையில். ஆகஸ்ட் 20 அன்று ஊர்வலமாக எடுத்துப் போவார்கள். அன்றைக்கே புது மாவில் சுட்ட ரொட்டிக்கு மூவண்ண நாடா கட்டி மந்திரிப்பதும் உண்டு. கோயிலும் சாப்பாடும் என்று தலைப்பு வைத்துவிட்டு இதை விடலாமா?

நான் போனது கைக்காக இல்லை, காலுக்காக. கால்பந்தாட்டக்காரர் புஷ்காஷ் அடக்கமாகியிருப்பது அந்த பசிலிக்காவின் நிலவறையில்தான். ஒரே கட்டடத்தில் அரசரின் வலது கையும் புஷ்காஷின் இடது காலும்!

#10 கல்லும்கலசமும்

மேய்ச்சல்காரரே, சிரிப்பை அடக்க முடியவில்லை.

வழிப்போக்கன் சொன்ன கோணல் மசூதிக்கு நான் தலைவணங்குகிறேன். அடுக்கடுக்காக மாறிய கட்டடம் வேறு, ஒரே மூச்சில் ‘பழசாக’ச் செய்த கட்டடம் வேறு. என் சண்டை இரண்டாவதோடு மட்டும். எஸ்டெர்கோம் போனீர்களே, பாகோட்ஸ் சிற்றாலயத்தைப் பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.

#11 வழிப்போக்கன்

பார்க்காமலா? எஸ்டெர்கோம் பசிலிக்கா நாட்டிலேயே பெரிய தேவாலயம், 1856இல் அர்ச்சித்தது. வெளியிலிருந்து அரசாங்க அலுவலகம் மாதிரி எனக்குப் பட்டது, மன்னிக்கவும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியா, நடந்தே பாலத்தைத் தாண்டிப் போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். ஆனால் உள்ளே ஒரு பக்கமாக அந்தச் சிவப்புப் பளிங்குச் சிற்றாலயம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்தினால் பாகோட்ஸ் கட்டியது. துருக்கியர் காலத்தையும் தாண்டித் தப்பியது. புது பசிலிக்கா எழுப்பும்போது அதை இடிக்கவில்லை. 1823இல் சுமார் 1,600 துண்டுகளாகக் கழற்றி, எண் போட்டு, புது இடத்தில் அப்படியே கோத்துவிட்டார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், இணைப்பு தெரியவில்லை.

அடுத்து டெப்ரெட்சன். மஞ்சள் நிறப் பெரிய கோயில், உள்ளே வெள்ளைச் சுவர், படம் இல்லை, சிலை இல்லை. கால்வின் வழிச் சபை அப்படித்தான். 1849 ஏப்ரல் 14 அன்று விடுதலைத் தலைவர் கொஷூத் லாயோஷ் ஆஸ்திரிய ஹப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியிலிருந்து விடுதலை என்று அறிவித்தது இங்கே, அவர் நாற்காலியும் இருக்கிறது. இந்தச் சபைக் கோயில்களின் கோபுர உச்சியில் பல ஊர்களில் சிலுவைக்குப் பதில் சேவலோ நட்சத்திரமோதான். அதைத் தெரிந்துகொண்டபின் ரயில் சன்னல் வழியாக எந்தக் கிராமம் எந்தச் சபை என்று கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டாகிவிட்டது.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். டெப்ரெட்சனிலிருந்து ஞீரெட்ஹாசா, அங்கிருந்து வாஷாரோஷ்நமேனி வரை சின்ன ரயில், அப்புறம் பஸ். தாகோஷ் என்ற கிராமம். அங்குள்ள கோயிலுக்குச் செல்லப் பெயர் ‘வெறுங்கால் நோத்ர்தாம்’, பாரிஸின் புகழ்பெற்ற தேவாலயத்தின் பெயர். கல் வாங்கக் காசில்லாத குடியானவர்கள் 18ஆம் நூற்றாண்டில் மரச்சட்டத்தில் குச்சி பின்னி, மண் அப்பி எழுப்பிய சுவர். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த ஒரு வீடு, தள்ளி ஒரு மரமணிக்கூண்டு. பூட்டியிருந்தது. எதிர் வீட்டுப் பாட்டி சாவியோடு வந்தார்.

கதவு திறந்ததும் தலையைத் தூக்கினேன். கூரை முழுக்க சதுரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூ. 1766இல் வரைந்தது. ஒரு பூ போல இன்னொன்று இல்லை. படமும் சிலையும் கூடாது என்ற சபை, பூவுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மத்யாஷ் கோயிலில் ஒரு மணி நேரம் இருந்தேன், இங்கே அதற்கு மேல் இருந்திருப்பேன். பாட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து கைவேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் சாரோடா. 13ஆம் நூற்றாண்டுக் கோயில் (கல்லும்கலசமும் சார், இது நிஜமாகவே 13). சுவரில் புனிதர்கள் புன்னகைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சீர்திருத்தச் சபை வந்ததும் மேலே வெள்ளை பூசி 1642இல் பூ வரைந்தார்கள். பின்னால் பூச்சை எடுத்தபோது சிரித்த முகங்கள் வெளிவந்தன. இப்போது பூவும் முகமும் பக்கத்துப் பக்கத்தில்.

பாட்டி போகும்போது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் பிளம் ஜாம் தந்தார். சர்க்கரை போடாமல் கொப்பரையில் மணிக்கணக்காகக் கிளறிச் செய்வது. கறுப்பாக, தார் மாதிரி. காசு வாங்க மறுத்ததால் கோயில் உண்டியலில் போட்டேன். அந்தப் புட்டியை விமான நிலையத்தில் பறிகொடுத்தேன், கைப்பையில் வைத்தது என் தப்பு.

#12 செகெட்வாசி

அண்ணா, எல்லாம் சரி, செகெட்டுக்கு வராமல் போய்விட்டீர்கள். இங்கே 1879 வெள்ளத்தில் ஊரே அழிந்தபின் நேர்ந்துகொண்டு கட்டிய கோயில் இருக்கிறது. 1913இல் தொடங்கி, நடுவில் போர் வந்து, 1930இல் முடிந்தது. இரட்டைக் கோபுரம், 91 மீட்டர். உள்ளே மோசைக்கில் மாதா செகெட் ஊர்ச் செருப்பு போட்டிருக்கிறார்!

மீன் சூப்பையும் தவறவிட்டீர்கள். ஹலாஸ்லே, கெண்டை மீனில். கிறிஸ்துமஸ் முந்தின இரவு இது இல்லாத வீடு குறைவு. இங்கே சின்ன மீன்களையும் வெங்காயத்தையும் வேகவைத்து மசித்து வடிகட்டி, அந்தச் சாற்றில் பெரிய துண்டுகளைப் போடுவோம். பாயா என்ற ஊரில் மசிக்க மாட்டார்கள், நூடுல்ஸ் சேர்ப்பார்கள். ‘சேர்ப்போம்’ என்று யாராவது பாயாக்காரர் இங்கே வந்து சொன்னால் இந்த இழையே பத்தாது.

இன்னொன்று, செகெட் பாப்ரிகாவில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது என்று கண்டவர் எங்கள் பல்கலைக்கழகத்து ஸென்ட்-கியோர்கி. இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி வைத்த மிளகாயைத் தின்னப் பிடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாராம். அவரே சொன்ன கதை. 1937இல் நோபல்.

#13 சைவச்சாப்பாடு

மிளகாயைத் தின்னாததற்கு நோபலா! என் பையனிடம் இதைச் சொல்லக்கூடாது.

தாகோஷுக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா? முழங்கால் வலி உண்டு.

#14 வழிப்போக்கன்

தாராளமாக. தரைமட்டக் கோயில், படி ஏறும் வேலை இல்லை. ஆனால் பஸ் குறைவு, வாஷாரோஷ்நமேனியில் இறங்கியதும் திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் நிழற்குடையில் நின்றேன். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் உள்ளே நடந்து படமெடுக்காதீர்கள், எந்த ஊரானாலும்.

கடைசி நாள் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அவர் பிறந்தது ஹங்கேரியின் இன்றைய ஸொம்பத்ஹெய் நகரில். ஆயர் பதவி வேண்டாமென்று வாத்துக் கொட்டிலில் ஒளிந்தாராம், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன. அதனால் அன்றைக்கு எல்லா உணவகத்திலும் வாத்து. ‘மார்ட்டின் நாளில் வாத்து தின்னாதவன் வருடம் முழுக்கப் பசித்திருப்பான்’ என்று பழமொழி வேறு. மெஸ்காரம்மா ஒரு காலும் சிவப்பு முட்டைக்கோஸும் வைத்தார், அந்த வருடத்துப் புது ஒயின் ஒரு சின்ன டம்ளர். நான் பழமொழியை மீறவில்லை.

#15 காரைக்குடி ஆச்சி

தம்பி, நேற்று நீ சொன்னபடி சட்டியை இறக்கிவைத்துப் பொடி போட்டேன். கசக்கவில்லை. நல்ல சிவப்பு, நல்ல வாசனை. கோழி பாப்ரிகாஷ் என்று பெருமையாகப் பரிமாறினேன். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் ஆவக்காய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

#16 செகெட்வாசி

ஆச்சி, என் அறைத்தோழனிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு நாள் பேசமாட்டான்.